மூன்று படம், ஒரே மதிப்பெண்

2017 நவம்பர் 10, 2022 பிப்ரவரி 11, 2023 செப்டம்பர் 15. மூன்றும் வெள்ளிக்கிழமை. இந்த மூன்று நாளும் அமெரிக்க, கனடா நகரங்களின் சில தியேட்டர்களில் ரசிகர்கள் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, கென்னத் பிரானா இயக்கி நடித்த ஹெர்க்யூல் பொய்ரோ படம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தபோது மூன்று முறையும் வந்த விடை ஒன்றுதான்: பி.

அகதா கிறிஸ்டியின் பெல்ஜியத் துப்பறிவாளரைப் பற்றி ரசிகர்களின் எண்ணம் ஆறு ஆண்டில் இம்மியும் மாறவில்லை என்று இதைப் படிக்கலாம். தயாரிப்பு நிறுவனத்தின் கணக்குப்பிள்ளை அப்படிப் படித்திருக்க மாட்டார். முதல் படம் உலகம் முழுக்க 35.28 கோடி டாலர் வசூலித்தது. இரண்டாவது 13.73 கோடி. மூன்றாவது 12.23 கோடி. விமர்சகர்கள் பக்கம் போனால் கதை தலைகீழ். ராட்டன் டொமேட்டோஸ் கணக்குப்படி முதல் படத்தைப் பற்றி நல்லவிதமாக எழுதியவர்கள் நூற்றுக்கு 60 பேர் அளவில். மூன்றாவது படத்துக்கு அது 75 பேரை ஒட்டி வந்துவிட்டது. விமர்சகர் மனம் இளகிக்கொண்டே போயிருக்கிறது, வாசலில் வாங்கிய மதிப்பெண் அசையவே இல்லை, கல்லாப்பெட்டி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. மூன்று பத்தியும் மூன்று திசையில் ஓடினால் ரசிகர் எந்தப் பத்தியில் இருக்கிறார்?

முதலில் பேரேட்டைத் திறந்துவிடுவோம். எல்லாத் தொகையும் டாலரில். செலவு என்பது படம் எடுத்த செலவு மட்டும்; விளம்பரம் இதில் சேராது. ஓப்பனிங் என்பது அமெரிக்கா, கனடாவில் முதல் மூன்று நாள்.

'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்', 2017: செலவு 5.5 கோடி, ஓப்பனிங் 2.87 கோடி, அமெரிக்கா, கனடா மொத்தம் 10.28 கோடி, உலகம் 35.28 கோடி.

'டெத் ஆன் தி நைல்', 2022: செலவு 9 கோடி, ஓப்பனிங் 1.29 கோடி, அமெரிக்கா, கனடா மொத்தம் 4.56 கோடி, உலகம் 13.73 கோடி.

'எ ஹாண்டிங் இன் வெனிஸ்', 2023: செலவு 6 கோடி, ஓப்பனிங் 1.43 கோடி, அமெரிக்கா, கனடா மொத்தம் 4.25 கோடி, உலகம் 12.23 கோடி.

போட்ட ஒவ்வொரு டாலருக்கும் தியேட்டர் வாசலில் முதல் படம் 6 டாலர் 41 சென்ட் கொண்டுவந்தது. இரண்டாவது படம் 1 டாலர் 53 சென்ட். மூன்றாவது 2 டாலர் 4 சென்ட். மூன்று படத்துக்கும் சேர்த்துப் போட்டது 20.5 கோடி, வந்தது 61.24 கோடி. வந்ததில் 58 சதவீதம் ஒரே ஒரு ரயில் படத்தின் உபயம்.

அந்தச் சீட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதை வாங்கும் நிறுவனத்தின் பெயர் சினிமாஸ்கோர். 1979-ல் எட் மின்ட்ஸ் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் மனைவியோடு போய்ப் பார்த்த படம் 'தி சீப் டிடெக்டிவ்'. நீல் சைமன் எழுதி பீட்டர் ஃபாக் நடித்தது. ஹம்ப்ரி போகார்ட் காலத்துத் துப்பறியும் படங்களைக் கிண்டல் செய்த நகைச்சுவை. சைமன் எழுத்தை நம்பிப் போன மின்ட்ஸுக்கு ஏமாற்றம். விமர்சகர்கள் சொல்வது இருக்கட்டும், சாதாரண ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யாராவது கேட்டுச் சொன்னால் தேவலை என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. யூதர்களின் யோம் கிப்பூர் நாளில் நன்கொடைத் தொகையைக் குறிக்க ஓரத்து மடிப்பை மடக்கித் தரும் அட்டை ஒன்று உண்டு. மதிப்பெண் சீட்டின் வடிவத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆக, இன்று ஹாலிவுட் முழுக்க வெள்ளிக்கிழமை இரவு காத்திருக்கும் அந்த ஓர் எழுத்தே, ஒரு துப்பறியும் படம் பிடிக்காமல் வெளியே வந்த ரசிகரின் முணுமுணுப்பில் பிறந்ததுதான்.

ஒரு படத்துக்குச் சுமார் 400 சீட்டு சேரும். பிழை வரம்பு 6 சதவீதம் என்று சொல்வார்கள். ஏ பிளஸில் தொடங்கி எஃப் வரை மதிப்பெண். கேட்கப்படுபவர்கள் யார் என்பதுதான் இங்கே முக்கியம். முதல் நாளே காசு கொடுத்து வந்தவர்கள்; அதாவது படம் பிடிக்க வேண்டும் என்ற முடிவோடு வீட்டிலிருந்து கிளம்பியவர்கள். அவர்களிடமிருந்து ஏ வரிசையில் ஏதாவது வந்தால்தான் தயாரிப்பாளர் நிம்மதியாகத் தூங்கலாம். கல்யாணப் பந்தியில் எழுந்து கை கழுவிக்கொண்டிருப்பவரிடம் பெண் வீட்டார் போய்ச் சாப்பாடு எப்படி என்று கேட்டால் வரும் 'நல்லா இருந்துச்சு' தான் பி. குறை சொல்லவில்லை, இரண்டாவது முறை பாயசம் கேட்கவும் இல்லை.

மதிப்பெண்ணைவிட ஓரளவு நம்பகமான ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க மொத்த வசூலை ஓப்பனிங்கால் வகுப்பது. முதல் மூன்று நாள் வருவது விளம்பரத்தின் பலன். அதற்கப்புறம் வருவது மௌத் டாக். ஓரியண்ட் எக்ஸ்பிரஸுக்கு இது 3.58, நைலுக்கு 3.53, வெனிஸுக்கு 2.97. முதல் இரண்டு படமும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடியிருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நைலைப் போய்ப் பார்த்தவர்கள் அதைத் திட்டித் தீர்க்கவில்லை. வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் சொல்லி, ஓரியண்டுக்கு அனுப்பிய அதே விகிதத்தில் அடுத்த ஆட்களை அனுப்பத்தான் செய்தார்கள். பிரச்சினை, போய்ப் பார்த்தவர்களே குறைவு. 2.87 கோடியாக இருந்த ஓப்பனிங் 1.29 கோடியானது. ஐந்து ஆண்டுக்கு முன் ரயில் படம் பார்த்தவர்களில் பாதிப் பேர் இந்த முறை வீட்டைவிட்டே கிளம்பவில்லை.

என் கட்சி இதுதான்: ஒரு படத்தைப் பற்றி ரசிகர் சொல்லும் உண்மையான கருத்து அந்தப் படத்தின் கணக்கில் ஏறுவதே இல்லை. அடுத்த படத்தின் ஓப்பனிங்கில்தான் ஏறும். 2017-ல் போட்ட பி என்ன பி என்று 2022-ல் தெரிந்தது.

கொரோனாவை மறந்துவிட்டுப் பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நைல் படம் முதலில் 2019 டிசம்பர் 20-க்கு என்று குறித்த படம். அப்புறம் 2020 அக்டோபர், டிசம்பர், 2021 செப்டம்பர் என்று தள்ளிக்கொண்டே போய் 2022 பிப்ரவரியில் வந்தது. இடையில் ஃபாக்ஸ் நிறுவனமே டிஸ்னி கைக்கு மாறியது. வெளியான வார இறுதியில் சூப்பர் பௌல் ஆட்டம் வேறு. அமெரிக்காவில் ஞாயிறு மாலை தியேட்டர் பக்கம் ஈ காக்கை இருக்காது. இஸ்ரேலிய நடிகை கால் கடோட் நடித்ததற்காகக் குவைத்திலும் லெபனானிலும் படத்துக்குத் தடை. அமெரிக்காவில் 46-வது நாள் ஓடிடிக்கு வந்துவிட்டது. இதையெல்லாம் தள்ளுபடி செய்தே பார்ப்போம். 2017-ல் அமெரிக்கா, கனடா தியேட்டர் சந்தையின் மொத்த வருமானம் சுமார் 1,110 கோடி டாலர். 2022-ல் சுமார் 740 கோடி. சந்தை மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருக்கிறது. சந்தையோடு சேர்ந்து மட்டுமே பொய்ரோ இறங்கியிருந்தால் நைலுக்கு 6.9 கோடி வந்திருக்க வேண்டும். வந்தது 4.56 கோடி. மிச்சமுள்ள 2.3 கோடிச் சொச்சத்துக்குக் கிருமி பொறுப்பல்ல.

இதைவிட வலுவான சாட்சி பழைய பேரேட்டில் இருக்கிறது. கிறிஸ்டியின் இதே இரண்டு நாவல்களை இதே வரிசையில் ஏற்கெனவே ஒருமுறை படமெடுத்திருக்கிறார்கள். 1974-ல் சிட்னி லூமெட் இயக்கத்தில் ஆல்பர்ட் ஃபின்னி நடித்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் வட அமெரிக்காவில் சுமார் 3.57 கோடி டாலர் வசூலித்தது. தயாரிப்புச் செலவு 14 லட்சம் பவுண்ட் அளவில்தான். ஆறு ஆஸ்கர் பரிந்துரை, இங்கிரிட் பெர்க்மனுக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர். நான்கு ஆண்டு கழித்து, பீட்டர் உஸ்தினோவ் பொய்ரோவாக நைலில் படகேறினார். 1978-ல் வசூல் சுமார் 1.46 கோடி. வீழ்ச்சி 59 சதவீதம். பிரானாவின் முதல் படத்திலிருந்து இரண்டாவது படத்துக்கு அமெரிக்க வசூல் விழுந்தது 56 சதவீதம். 1978-ல் கொரோனா இல்லை, ஓடிடி இல்லை, விசிடி கூட இல்லை. ரயிலுக்கு வந்தவர்களில் பத்தில் நான்கு பேர்தான் படகுக்கு வருவார்கள் என்பது நாற்பது ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்த கணக்கு. புதிய தயாரிப்பாளர்கள் அதைப் புரட்டிப் பார்க்கவில்லையா, பார்த்தும் தங்களுக்கு அது பொருந்தாது என்று நினைத்தார்களா?

அந்தப் பழைய வரிசையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். 1982-ல் 'ஈவில் அண்டர் தி சன்', சுமார் 1 கோடி செலவில் எடுத்து அமெரிக்காவில் 61 லட்சம். 1988-ல் 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்', 60 லட்சம் செலவு, அமெரிக்க வசூல் 9.6 லட்சம். 3.57 கோடியில் புறப்பட்ட வண்டி பதினான்கு ஆண்டில் பத்து லட்சத்துக்கும் கீழே வந்து நின்றது. இடையில் உஸ்தினோவ் மூன்று டிவி படங்களிலும் பொய்ரோவாக வந்தார். அதில் ஒன்றான 1985-ன் 'தர்ட்டீன் அட் டின்னர்' படத்தில் இன்ஸ்பெக்டர் ஜாப் வேடத்தில் நின்றுகொண்டிருந்த நடிகர் டேவிட் சூஷே. அவரிடம் பிறகு வருகிறேன்.

செலவுப் பத்தியில் ஒரு வேடிக்கை. 1978 நைலுக்கு ஆன செலவு சுமார் 79 லட்சம் டாலர். படக்குழு எகிப்துக்கே போய், நிஜமான நீராவிப் படகில், வெயிலில் வெந்து, ஏழு வாரம் படமெடுத்தது. விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தால் 2019 மதிப்பில் அது சுமார் 3 கோடி. பிரானாவின் நைலுக்கு 9 கோடி. இவர்கள் நடிகர்களை நைல் பக்கமே அழைத்துப் போகவில்லை. இங்கிலாந்தின் லாங்கிராஸ் ஸ்டுடியோவில் படகை முழு அளவில் கட்டி, அபு சிம்பல் கோயிலின் முகப்பையும் கட்டி, ஆற்றையும் வானத்தையும் கம்ப்யூட்டரில் வரைந்து சேர்த்தார்கள். மூன்று மடங்கு செலவில் வாங்கியது ஒரு போலி நதி. படம் பார்த்தவர்கள் அடிக்கடி சொன்ன குறையும் இதுவே. தண்ணீர் தண்ணீராக இல்லை, பிரமிடு அட்டையில் வரைந்தது போல இருக்கிறது என்றார்கள்.

டாலர் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். டிக்கெட் கணக்குக்கு வருவோம். 1974 நவம்பர் கடைசியில் வந்த ஃபின்னி படத்தின் வசூலில் பெரும்பங்கு 1975-ல் சேர்ந்தது. அப்போது அமெரிக்காவில் சராசரி டிக்கெட் விலை 2 டாலர் அளவு. ஆக சுமார் 1 கோடியே 78 லட்சம் டிக்கெட். 2017-ல் சராசரி விலை 8 டாலர் 97 சென்ட். 10.28 கோடியை அதால் வகுத்தால் சுமார் 1 கோடியே 15 லட்சம் டிக்கெட். 2022-ல் விலையை 10 டாலருக்குக் குறையாமல் வைத்தால் நைலுக்கு 46 லட்சத்தைத் தாண்டாது. வசூலில் மூன்று மடங்கு 'வெற்றி' பெற்ற 2017 படத்தைப் பார்த்த தலைகள், எழுபதுகளில் பார்த்த தலைகளில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்த நாற்பது ஆண்டில் அமெரிக்க ஜனத்தொகை பத்து கோடிக்கு மேல் ஏறியிருந்தது.

ஆனால் 2017 படத்தை அமெரிக்காவை மட்டும் வைத்து அளப்பது தவறு. அதன் வசூலில் 71 சதவீதம் வெளிநாட்டில் வந்தது, 25 கோடி டாலர். நைலுக்கு வெளிநாட்டில் 9.17 கோடி, வெனிஸுக்கு 7.98 கோடி. உள்நாட்டில் 56 சதவீதம் விழுந்த இடத்தில் வெளிநாட்டில் 63 சதவீதம் விழுந்திருக்கிறது. உலகம் பார்க்க வந்தது பொய்ரோவை அல்ல என்பது என் சந்தேகம். ஜானி டெப், மிஷெல் ஃபைஃபர், ஜூடி டென்ச், பெனலோப் குரூஸ், டெய்ஸி ரிட்லி எல்லோரும் ஒரே ரயில் பெட்டியில். கூடவே யாருக்கும் தெரிந்த ஒரு தலைப்பு. கொலையாளி யார் என்பது 1934-லிருந்து ஊரறிந்த ரகசியம். முடிவு தெரிந்தும் 35 கோடி டாலர் கொடுத்தார்கள் என்றால் மர்மத்துக்காகக் கொடுத்ததல்ல அது.

வெளியே வந்து எதைப் பற்றிப் பேசினார்கள்? மீசையைப் பற்றி. 2017 ஜூனில் முதல் டிரெய்லர் வந்த நாளிலிருந்தே அதுதான் பேச்சு. காதுவரை ஓடும் சாம்பல் நிற மீசை, இரண்டு அடுக்கு, கீழுதட்டுக்கடியில் ஒரு சிறு குறுந்தாடி. அடுத்தபடியாக அடிபட்ட பேச்சு, அந்த டிரெய்லரில் ஒலித்த இன்றைய ராக் பாட்டு. படம் வந்தபின் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: பாலத்தின் சட்டங்களுக்கு நடுவே பொய்ரோ ஓடித் துரத்துகிறார், துப்பாக்கிக் குண்டு பட்டுக்கொள்கிறார். நாவல்களில் ஐந்தடி நான்கு அங்குல உயரத்தில், காலணியில் தூசு பட்டால் முகம் சுளிப்பவர். நாற்காலியில் உட்கார்ந்து மூளையை மட்டும் ஓடவிடும் ஆளை ஓடவிட்டது பழைய வாசகர்களுக்குப் பொறுக்கவில்லை.

மீசைக் கணக்கையும் பார்த்துவிடலாம். 1931-ல் 'அலிபை' படத்தில் பொய்ரோ முதன்முதலாகத் திரையில் பேசியபோது அவருக்கு மீசையே இல்லை. ஆஸ்டின் டிரெவர் மூன்று படங்களில் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு நடித்தார். 1974-ல் ஃபின்னிக்கு மீசை உண்டு. படத்தின் தொடக்க விழாவுக்கு வந்த கிறிஸ்டிக்குப் படம் பிடித்திருந்தது, மீசை மட்டும் போதவில்லை. இங்கிலாந்திலேயே சிறந்த மீசை என்று தான் எழுதியதைத் திரையில் காணோமே என்பது அவர் குறை. அந்த ஆதங்கத்தை நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து பிரானா தீர்த்து வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். 2022 படத்தில் முதல் உலகப் போர்க் காட்சியைக் கறுப்பு வெள்ளையில் புதிதாகச் சேர்த்து, முகத்துத் தழும்பை மறைக்கத்தான் மீசை வளர்த்தார் என்று அதற்கு ஒரு சோகக் கதையும் எழுதினார்கள். கிறிஸ்டி எழுதாத கதை. கர்வத்துக்கு வளர்த்த மீசையைக் காயத்துக்கு வளர்த்ததாக மாற்றினால் பாத்திரத்தின் பாதிச் சிரிப்பு போய்விடுகிறது. இதே படத்தில் இன்னொரு சறுக்கலைக் கூர்மையான ரசிகர்கள் பிடித்தார்கள். முதல் படம் முடிகையில், நைலில் கொலை நடந்துவிட்டது என்று சொல்லி பொய்ரோவை எகிப்துக்கு அழைக்கிறார்கள். இரண்டாவது படத்தில் கொலை நடக்கும்போது பொய்ரோ ஏற்கெனவே அதே படகில் இருக்கிறார்.

மூன்றாவது படத்தைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். 1969-ல் வந்த 'ஹாலோவீன் பார்ட்டி' நாவலை இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து பிடுங்கி 1947 வெனிஸின் ஒரு பாழடைந்த மாளிகையில் நட்டு, பேய்ப் படச் சாயலில் 103 நிமிடத்தில் முடித்தார்கள். செலவு 9 கோடியிலிருந்து 6 கோடிக்கு இறங்கியது. நடிகர் சங்க வேலைநிறுத்தம் நடந்த நேரம். படத்தில் நடித்த மிஷெல் யோ அந்த ஆண்டுதான் ஆஸ்கர் வாங்கியிருந்தும் பேட்டி கொடுக்க வழியில்லை. ஓப்பனிங்கில் 'தி நன் 2' படத்தின் இரண்டாவது வாரத்திடம் சுமார் 2 லட்சம் டாலர் வித்தியாசத்தில் முதலிடத்தை இழந்தது. இருந்தும் பழைய வரிசையில் மூன்றாவது படம் 58 சதவீதம் விழுந்த இடத்தில் இது 7 சதவீதம்தான் விழுந்தது. சரிவு நின்றது. ஆனால் சந்தை அந்த ஓராண்டில் 20 சதவீதம் ஏறியிருந்ததையும், மூன்றில் குறைந்த மௌத் டாக் எண் இதற்குத்தான் என்பதையும் கூடவே எழுதி வைக்க வேண்டும். விமர்சகர்கள் மெச்சிய படத்தை ரசிகர்கள் மற்றவர்களிடம் சொல்லி அனுப்பவில்லை.

இப்போது சூஷே. 1989 முதல் 2013 வரை ஐடிவி தொலைக்காட்சியில் பொய்ரோவாக 70 அத்தியாயம். ஒரே நடிகர், ஒரே நடை, கிறிஸ்டி எழுதிய பொய்ரோ கதைகளில் ஏறக்குறைய எல்லாமே. நைல் 2004-ல், ஓரியண்ட் எக்ஸ்பிரஸும் ஹாலோவீன் பார்ட்டியும் 2010-ல் அங்கே வந்துவிட்டன. ஆக, பிரானா எடுத்த மூன்று கதையும் ரசிகர்கள் வீட்டு ஹாலில் ஏற்கெனவே பார்த்து முடித்தவை. தியேட்டருக்கு வந்தவர் ஒவ்வொருவரும் பிரானாவைக் கிறிஸ்டியோடு ஒப்பிட்டார்கள் என்று நான் நம்பவில்லை, சூஷேயோடு ஒப்பிட்டார்கள். எழுபது அத்தியாயத்தை ஒரு ரூபாய் செலவில்லாமல் திரும்பப் பார்க்க முடிகிற ஆள், பத்து டாலர் கொடுத்து எழுபத்தொன்றாவதைப் பார்க்க என்ன காரணம் வேண்டும்? ரயில் படத்துக்கு ஒரு காரணம் இருந்தது. படகுக்கு இல்லை.

ஷெர்லாக் ஹோம்ஸுக்கும் இதே சோதனை 2009-ல் நடந்தது, விடை வேறு. கை ரிச்சி இயக்கம், ராபர்ட் டவுனி ஜூனியர். செலவு 9 கோடி, உலக வசூல் 52.4 கோடி. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் 2.46 கோடி, அன்றைக்கு அவதாரையே முந்தியது. அமெரிக்கா, கனடாவில் 20.9 கோடி, அதாவது சராசரி 7.50 டாலர் விலையில் சுமார் 2 கோடியே 79 லட்சம் டிக்கெட். சட்டையைக் கழற்றிவிட்டுக் குத்துச்சண்டை போடும் ஹோம்ஸைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் அப்போதும் உண்டு. 1939 முதல் 1946 வரை 14 படங்களில் வந்த பேசில் ராத்போனைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். கோனன் டாயிலைத் திறந்து பார்த்தால் குத்துச்சண்டை அங்கேயே இருக்கிறது. மதிப்பெண் இங்கேயும் அதே பி தான்!

ஆனால் 2011-ல் இரண்டாவது படம் வந்தபோது ஓப்பனிங் 6.23 கோடியிலிருந்து 3.96 கோடிக்கு இறங்கியும், மொத்தம் 18.68 கோடிக்கு எழுந்து நின்றது. உள்நாட்டு வீழ்ச்சி 11 சதவீதம் மட்டும். வெளிநாட்டில் ஏற்றம். உலக மொத்தம் 54 கோடிக்கு மேல். மதிப்பெண்ணும் ஏ மைனஸ் ஆயிற்று. டிசம்பர் 16-ல் வந்ததால் விடுமுறை நாட்கள் பின்னால் கைகொடுத்தன என்பதைக் கழித்துவிட்டே சொல்கிறேன். அந்த பி-யும் பொய்ரோவின் பி-யும் ஒன்றல்ல. டவுனியும் வாட்சனாக வந்த ஜூட் லாவும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வதைப் பார்க்க மறுபடி வந்தார்கள். பொய்ரோவுக்குப் பக்கத்தில் அப்படி நிலையான ஒரு ஆளை பிரானா வைக்கவே இல்லை. நாவல்களில் துணையாக வரும் ஹேஸ்டிங்ஸ் மூன்று படத்திலும் கிடையாது. வைத்திருந்த பூக் என்ற நண்பனையும் இரண்டாவது படத்திலேயே கொன்றுவிட்டார். மூன்றாவது படத்துக்குத் திரும்பி வரத் துணையே இல்லாமல் செய்துகொண்ட துப்பறிவாளர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

2018-ல் வில் ஃபெரலின் 'ஹோம்ஸ் அண்ட் வாட்சன்' பற்றி ஒரு வரி போதும்: செலவு 4.2 கோடி, வசூல் 4.19 கோடி, மதிப்பெண் டி பிளஸ், மோசமான படத்துக்கான ராஸி விருது. அதுவும் துப்பறிவாளரைக் கிண்டல் செய்த நகைச்சுவைப் படம். எட் மின்ட்ஸ் கேட்டது கிடைத்தது.

பிரானாவை உண்மையில் அடித்தது ஹோம்ஸ் அல்ல, பெனுவா பிளாங்க் என்ற துப்பறிவாளர். 2019 நவம்பரில் அவரோடு வந்த 'நைவ்ஸ் அவுட்' முழுக்க முழுக்கக் கிறிஸ்டி பாணி. பெரிய வீடு, பணக்காரக் கிழவர், ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கும் குடும்பம். செலவு 4 கோடி. உலக வசூல் 31 கோடிக்கு மேல். மதிப்பெண் ஏ மைனஸ். புதன்கிழமை வெளியான படம் என்பதால் ஐந்து நாள் ஓப்பனிங்கை எடுத்துக்கொண்டால் 4.14 கோடி, அமெரிக்க மொத்தம் 16.5 கோடி, வகுத்தால் 4. ஓரியண்டின் 3.58-ஐ விட மேல், அதுவும் ஐந்து நாளை வகுத்தபிறகு. முடிவு தெரியாத கதைக்கு ரசிகர்கள் ஆளுக்கு ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 2021-ல் அதன் அடுத்த இரண்டு படங்களின் உரிமைக்கு நெட்ஃபிளிக்ஸ் கொடுத்தது 45 கோடி டாலருக்கு மேல். பிரானாவின் மூன்று பொய்ரோ படங்களின் மொத்தச் செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

கடைசியாக ஷேர் கணக்கு. வசூல் முழுதும் தயாரிப்பாளருக்கு வராது. தொழிலில் வழங்கும் குத்துமதிப்பின்படி உள்நாட்டில் பாதி, வெளிநாட்டில் நூற்றுக்கு 40 என்று வைக்கிறேன். ஓரியண்டுக்கு 5.14, அதோடு 10, ஆக 15.14 கோடி ஷேர். செலவு போக 9.64 கோடி கையில், அதில் விளம்பரமும் லாபமும். நைலுக்கு 5.95 கோடி ஷேர். படம் எடுத்த செலவிலேயே 3 கோடி கட்டவில்லை. வெனிஸுக்கு 5.32 கோடி, 6 கோடிக்கு 68 லட்சம் குறைவு. டிவி, ஓடிடி விற்பனை பின்னால் வந்து சிலதை அடைத்திருக்கும். விளம்பரச் செலவு முன்னால் நின்று அதைத் தின்றிருக்கும்.

நான்காவதாக ஒன்று எடுத்தால்? உலகம் முழுக்க 12 கோடி வரும் என்று வெனிஸ் காட்டிய அளவையே வைத்துக்கொள்வோம். ஷேர் 5.2 கோடி. நைவ்ஸ் அவுட் அளவுக்கு, 4 கோடிக்குள் சிக்கனமாக எடுத்தாலும் மிச்சம் 1.2 கோடி. அதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஒரு படத்தை விளம்பரம் செய்ய முடியாது. 33 நாவலில் மூன்றுதான் ஆகியிருக்கின்றன, சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த 1.2 கோடியில் கணக்கு நேராக வருவது 70 அத்தியாயம் ஓடிய இடத்தில்தான், டிவியில்.